படமும் பாடமும்

வட்டவளையில் மழை பெய்யத் தொடங்கிவிட்டால் வகுப்பறையிலே ஆசிரியரின் குரலுக்கு இடமில்லாது போய்விடும். நாவலப்பிட்டியிலிருந்து அட்டனை நோக்கி மலையேறிச் செல்லும் புகையிரதப் பாதையில் அமைந்த ஊர் இது. இலங்கைத் தீவில் மிகுதியாக மழை பெறும் இடங்களை எண்ணப் புகுவோர் வட்டவளையை விடுத்து எண்ண இயலாது. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை இங்கே பொழிகின்றது. அதிலும் பெரும்பகுதி வைகாசி தொட்டுப் புரட்டாதி வரை, தென்மேற்குப் பருவக்காற்றோடு வந்து சேர்வது.

நாம் பட்டம் பெற்ற மிடுக்கோடு இப்பகுதிக் கல்லூரி ஒன்றில் ஆசிரியப் பணி ஏற்ற முதலாண்டு அது. அந்தப் பருவக்காற்றைப் பற்றியே ஒருநாள் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். பாடத்தின் நடுவிலே பாடத்தின் பொருளே நேரில் வந்துவிட்டது! தகரக் கூரையின்மேல் மழை இறங்கிய ஓசையில் எமது குரல் முதல் வரிசைக்கும் எட்டவில்லை. தொண்டை கிழியக் கத்திப் பார்த்தோம். பிள்ளைகள் எம் வாயசைவைப் பார்த்துச் சிரித்தனர். வேறு வழியின்றி வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையிலே ஒரு மலையை வரைந்தோம். அதன்மேல் முகில் ஒன்றை வரைந்தோம். சிரிப்பு அடங்கியது. நாற்பது முகங்கள் பலகையை நோக்கின. படத்தைக் கொண்டு பாடம் சொல்லும் வழக்கம் எம்மிடம் இவ்வாறே தொடங்கிற்று. நூல்களைக் கற்றுத் தெளிந்து மேற்கொண்ட முறையன்று அது. மழை எமக்குக் கற்பித்த முறை.

ஒரு வெற்றி கிடைத்துவிட்டால் மனிதனுக்கு ஆசை பெருகுவது இயல்பன்றோ? அடுத்த விடுமுறையில் கொழும்புக்குச் சென்றபோது நீர்வட்டத்தை விளக்கும் பெரிய வண்ணப்படம் ஒன்றை வாங்கி வந்தோம். நீலக் கடல், வெண்முகில், பச்சை மலை, அம்புக்குறிகள் என யாவும் அழகாய் அச்சிடப்பெற்றிருந்தன. பிள்ளைகள் அதனைத் தத்தம் கொப்பிகளிலே அச்சுப் பிசகாமல் பார்த்து வரைந்தனர். நாமும் மகிழ்ந்திருந்தோம். அப்பொழுது ஒரு சிறுவன் எழுந்து, "சேர், கடல் எங்க காசல்ரீ டேம் அளவுக்கு இருக்குமா?" என்று கேட்டான்.

வகுப்பில் கடலைக் கண்டவர் எத்தனை பேர் என்று வினவினோம். மூன்று கைகள் மட்டுமே உயர்ந்தன. மற்றப் பிள்ளைகளுக்கு அந்த நீலநிறம் வெறும் நீலநிறமேயன்றிக் கடலன்று. நாற்பது கொப்பிகளிலும் படம் இருந்தது. முப்பத்தேழு கொப்பிகளிலே பொருள் இல்லை. அழகிய படம் ஒன்று அறியாமையை எவ்வளவு நேர்த்தியாக மூடிவைத்துவிடக்கூடும் என்பதனை நாம் அன்றுதான் உணர்ந்தோம்.

மறுநாள் வண்ணப்படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு மீண்டும் வெண்கட்டியை எடுத்தோம். இம்முறை மலையை வரையவில்லை. புகையிரதப் பாதையை வரைந்தோம். அப்பாதையைத்தான் எல்லாப் பிள்ளைகளும் அறிவர். பலகையின் இடக்கோடியிலே கடலோரத்துக் கொழும்பு. அங்கிருந்து கோடு மெல்ல மேலேறி நாவலப்பிட்டி, அதன்பின் வட்டவளை, 4,000 அடிக்கு மேலே அட்டன், 5,000 அடிக்கு மேலே நானுஓயா, 6,226 அடி உயரத்தில் பட்டிப்பொல. பின்னர் கோடு சரிந்து பதுளைக்கு இறங்கிற்று. "கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் காற்றும் பயணச்சீட்டு வாங்கி இதே வழியில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற ஏற அதற்குக் குளிரும். குளிர்ந்தால் சுமையை இறக்கிவிடும். எங்கே இறக்கும்?" என்று கேட்டோம். "வட்டவளையில்!" என்று வகுப்பு முழுதும் ஒரே குரலில் கூவிற்று. அந்தக் கூச்சலில் மழையின் ஓசையும் தோற்றது.

மலையின் மறுபுறத்திலே ஊவாப் பகுதி அதே மாதங்களில் ஏன் வறண்டு கிடக்கிறது என்பதை நாம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "சுமையெல்லாம் இங்க இறக்கியாச்சு, அங்க வெறுங்கையோடதான் போகும்" என்று ஒரு மாணவி கூறிவிட்டாள். ஆடி, ஆவணி மாதங்களில் அங்கே வீசும் அந்த வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தருவது என்பதனை மட்டும் நாம் சேர்த்துக் கூறினோம்.

படத்தைக் கொண்டு கற்பித்தல் மேல்நாட்டார் அண்மையிலே கண்டுபிடித்த புதுமை என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்துக்குச் செல்வோர் அவ்வெண்ணத்தைக் கைவிடுவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த அவ்வாலயத்திலே நாயன்மார் வரலாறுகள் சிறுசிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. அச்சிற்பங்களோடு, இன்னது இன்னாரைக் குறிப்பது என்று கல்லெழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளது. படமும் எழுத்தும் அருகருகே நிற்பதனால், எழுத்தறியாதவன் சிற்பத்தைக் கண்டு கதையை அறிவான். எழுத்துக்கூட்டத் தெரிந்தவன் சிற்பத்தின் துணைகொண்டு எழுத்தையும் அறிவான்.

ஐரோப்பாவிலே கொமேனியஸ் என்னும் பெரியார் பிள்ளைகளுக்கெனப் படங்கள் நிறைந்த பாடநூல் ஒன்றை 1658ஆம் ஆண்டில் நூரம்பேர்க்கு நகரில் வெளியிட்டார். படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இட்டு, அதே எண்ணைச் சொல்லுக்கும் இட்டு, இலத்தீன் மொழியையும் தாய்மொழியையும் ஒருங்கே கற்பித்த நூல் அது. நீண்ட போரினால் ஊரையும் உடைமையையும் இழந்து நாடுநாடாக அலைந்தவர் அவர். பிரம்படிக்கு அஞ்சிச் சொற்களை மனனம் செய்த பிள்ளைகளின்மேல் அவருக்கு இருந்த இரக்கமே அந்நூலாய் விளைந்தது என்று கருதுகின்றோம்.

இவற்றையெல்லாம் அறிந்தபின் நமது கையில் நல்லதொரு கருவி கிடைத்துவிட்டது என்று இறுமாந்திருந்தோம். அந்த இறுமாப்பையும் ஒரு மாணவியே தீர்த்துவைத்தாள்.

பொருட்களைச் சந்தைப்படுத்துதல் பற்றிய பாடத்துக்காக ஏற்றுமதித் தேயிலைப் பொதி ஒன்றின் அட்டையை வகுப்பிற்குக் கொண்டு சென்றிருந்தோம். அதிலே கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் படம். தூய சேலை, நெற்றியிலே பொட்டு, முகம் மலர்ந்த சிரிப்பு, பின்னணியில் இளவெயில். "என்ன தெரிகிறது?" என்று கேட்டோம். "கொழுந்து எடுக்கும் பெண்" என்னும் விடையையே எதிர்பார்த்தோம். அந்த மாணவி நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இவங்க வேலைக்குப் போறவங்க இல்ல, சேர். படங்கு கட்டல. அட்டைக்குக் காலில சவர்க்காரம் பூசல. விரலில கறை இல்ல" என்றாள்.

வகுப்பு அமைதியாயிற்று. பிறகு, எவரும் பணியாமலே அவள் எழுந்து வந்து பலகையில் ஒரு கையை வரைந்தாள். சித்திரம் என்று போற்றத்தக்க வரைவன்று அது. ஆயினும் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் குறுக்கே குறுக்கே சிறு கோடுகள் இட்டாள். கொழுந்தின் சாறு ஊறிக் கறுத்து வெடித்த விரல்கள் அவை. "எங்கம்மா கை" என்று சொல்லிவிட்டுப் போய் அமர்ந்தாள். அப்பிள்ளைகளில் பெரும்பாலோரின் வீட்டிலும் அக்கை இருந்தது. நாம் அன்று அதற்குமேல் ஒன்றும் கற்பிக்கவில்லை.

படம் ஒன்றைக் காட்டுவது போலவே ஒன்றை மறைக்கவும் வல்லது என்பதும், அதில் மறைக்கப்பட்டதனைக் காணும் கண் பலவேளைகளில் ஆசிரியனுடையதன்று, மாணாக்கனுடையதே என்பதும் அன்றைய பாடம். பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் 1963ஆம் ஆண்டு, அங்கிக்கோஸ் என்னும் ஊரிலே பாவுலோ பிரேயிரி என்னும் கல்வியாளர் எழுத்தறியாத் தொழிலாளர்க்கு இவ்வழியிலேயே எழுத்தறிவித்தார். அவர்தம் அன்றாட வாழ்வையே படமாக்கித் திரையிற் காட்டி, முதலில் அவர்களைப் பேசவிட்டு, அவர்கள் பேசிய சொற்களிலிருந்தே எழுத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவத்தினர் அவரைச் சிறையிலிட்டனர். தம் வாழ்வைத் தாமே படமாய்ப் பார்த்துப் பேசக் கற்ற மக்களைக் கண்டு அதிகாரம் அஞ்சுவதும் இயல்பே போலும். அன்று முதல், "இது இன்னது" என்று தொடங்கும் வழக்கத்தை நாம் விட்டுவிட்டோம். "என்ன தெரிகிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகினோம்.

அப்பழக்கம் எத்துணைப் பெரிய காரியத்துக்கு உதவக்கூடும் என்பதனை 2014ஆம் ஆண்டின் பின்னரே அறிந்தோம்.

அவ்வாண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்திலே மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த பிள்ளைகள் திரும்பி வந்து பார்த்தபோது, சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்று அதிகாரிகள் முன்னரே எச்சரித்திருந்தனர் என்னும் செய்தியும் பின்னர் வெளிவந்தது. எழுத்திலே வந்த எச்சரிக்கை லயத்திலிருந்தோரின் கண்ணுக்குப் புலனாகும் வகையிலே வந்து சேரவில்லை என்பதே எம் நெஞ்சை வருத்திய எண்ணம்.

அவ்வாரம் நாம் ஒரு தவறு செய்தோம். பத்திரிகையில் வந்த அழிவின் படத்தை வகுப்பிலே காட்டி, வழக்கம்போல் "என்ன தெரிகிறது?" என்று கேட்டோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி அழத் தொடங்கினாள். லயத்திலே வாழும் பிள்ளைகளுக்கு லயம் புதைந்த படத்தைக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்டது எம் அறியாமையே. அச்சத்திலே உறைந்த கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை.

மறுநாள் அப்படத்தை எடுத்துச் செல்லவில்லை. நாளை சரியப்போகும் மலை இன்று எவ்வாறு இருக்கும் என்பதனைப் பலகையில் வரைந்தோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் மக்களுக்கு எடுத்துரைக்கும் அடையாளங்களே அதற்கு ஆதாரம். நிலத்திலே ஒரு வெடிப்பு. சாய்ந்து நிற்கும் மரமும் மின்கம்பமும். சுவரிலும் தரையிலும் புதிதாய்த் தோன்றும் பிளவு. திடீரெனக் கலங்கலாய் ஊறும் நீர். நெடுநாள் ஓடிய ஊற்றுத் திடீரென நின்றுபோதல். ஐந்தையும் வரைந்துவிட்டுக் காத்திருந்தோம்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவ்வாண்டு முழுவதும் எம்மிடம் ஒரு சொல்லும் பேசியறியாதவன். "சேர், வெடிப்பைப் பிழையாக் கீறியிருக்கிறீங்க" என்றான். எங்கே பிழை என்று கேட்டோம். அவன் வந்து எமது கையிலிருந்த வெண்கட்டியை வாங்கி, நாம் நேராய் இழுத்திருந்த கோட்டை அழித்துவிட்டு, அதனிடத்தில் பிறைநிலவு போல் வளைந்த கோடு ஒன்றை இட்டான். "இப்பிடித்தான் இருக்கும்" என்றான்.

எமக்கு உடல் சிலிர்த்தது. சரியத் தொடங்கும் நிலத்தின் தலைப்பிலே வெடிப்பு பெரும்பாலும் வளைந்தே அமையும். அதனை அவன் எந்நூலிலும் படித்திருக்க மாட்டான். "எங்கே கண்டாய், தம்பி?" என்று வினவினோம். "எங்க லயத்துக்குப் பின்னுக்கு, சேர். போன மழையில வந்தது" என்றான்.

அன்று பிற்பகலே அவனோடு சென்றோம். லயத்தின் பின்னே, மரக்கறிப் பாத்திக்கு மேலே, புல்லை விலக்கிக் காட்டினான். வெண்கட்டியால் இட்ட அதே பிறை அங்கே மண்ணிலே கிடந்தது. ஒரு கையை உள்ளே விடலாம்.

அதனை உரியவர்களிடம் சொல்லப் போனபோது, "இது எப்போதும் உள்ளதுதானே" என்னும் விடையே முதலிற் கிடைத்தது. மகன் வீண் வம்பை விலைக்கு வாங்கிவிட்டானே என்று அவன் தந்தையும் கவலைப்பட்டார். பலமுறை நடந்த பின்னர், கிராம உத்தியோகத்தர் வாயிலாக அதிகாரிகள் வந்து பார்த்தனர். வெடிப்பைக் களிமண்ணால் இறுக்கி மூடவும், மேலேயிருந்து வரும் நீரைத் திருப்பிவிட வடிகால் வெட்டவும், பெருமழை நாட்களில் அங்கே எவரும் உறங்காதிருக்கவும் சொல்லிச் சென்றனர். அவ்வாண்டு மலை சரியவில்லை. மறு ஆண்டும் சரியவில்லை. தோழர்கள் அம்மாணவனுக்கு "வெடிப்பு" என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டனர். அவன் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திக் கொழும்பிலே ஒரு கடைக்கு வேலைக்குச் சென்றான். அப்பெயர் அவனை எவ்வளவு நோகச் செய்திருக்கும் என்று நாம் எண்ணி வருந்தியதுண்டு. ஒரு படத்தை நம்பி அவனை ஊராரின் சிரிப்புக்கு ஆளாக்கிவிட்டோமோ என்னும் ஐயமும் எம்முள் இருந்தது.

2025 நவம்பர் மாத இறுதியில் டித்வா புயல் வந்தது. மலையகத்தின் பல பகுதிகளில் மலைகள் சரிந்தன. பாதைகளும் பாலங்களும் அறுந்தன. மழை வலுத்த முதல் நாள் மாலையிலேயே அவன் கொழும்பிலிருந்து தாய்க்குத் தொலைபேசியிற் பேசியிருக்கின்றான். "அம்மா, பின்னுக்குப் போய் அந்த வளைவைப் பாருங்க" என்பதே அவன் சொன்னது. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தார். களிமண் வாய் பிளந்திருந்தது. அன்றிரவு அந்த லயத்தார் அனைவரும் பாய்களையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு பாடசாலை மண்டபத்துக்கு வந்து சேர்ந்தனர். விடியுமுன்னர் சரிவு இறங்கிற்று. கடைசி இரண்டு காம்பராக்களின் சுவர்களை அது கொண்டுபோயிற்று. அங்கே மனிதர் எவரும் இல்லை.

தொலைபேசித் தொடர்பு மீண்டதும் அவன் எம்மோடு பேசினான். "சேர், அந்தப் பிறை முழுசா இறங்கிடுச்சாம்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அவன் பேச்சிலே வெற்றியும் இல்லை, பெருமையும் இல்லை. பாடத்துக்கு விடை எழுதி முடித்த மாணவனின் குரலாகவே அது எமக்குக் கேட்டது.

வாசக அன்பர்களே, இதனை எமது கற்பித்தற் சிறப்பை எடுத்துரைக்க எழுதவில்லை. நாம் வரைந்த கோடு பிழையானது. உண்மைக் கோட்டை வரைந்தவன் அவனே. நாம் செய்ததெல்லாம் வெண்கட்டியைக் கேட்டபோது கொடுத்தது மட்டுமே.

இன்று படத்துக்குப் பஞ்சமில்லை. பெருந்தொற்றுக் காலமாகிய 2020, 2021ஆம் ஆண்டுகளிலே பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, கைத்தொலைபேசி வழியே நாமும் படங்களைத்தான் அனுப்பினோம். வீட்டுக்கு ஒரு தொலைபேசி. அதுவும் தந்தை வேலையிலிருந்து திரும்பிய பின்னரே பிள்ளையின் கைக்கு வரும். மலையின் மேலேறினால்தான் தொடர்பு கிட்டும். அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற படங்களைப் பல பிள்ளைகள் பார்த்துக் கொப்பியில் எழுதினர். கேள்வி கேட்டவர் மிகச் சிலரே. கடலை நீலநிறமாய் மட்டும் வரைந்த அந்தப் பழைய நாற்பது கொப்பிகள் எம் நினைவுக்கு வந்தன. படங்கள் எத்தனை வந்தாலும், பிள்ளை வாய்திறந்து பேசக் காத்திருக்கும் ஒருவர் அருகிலே வேண்டும்.

ஆகவே பெற்றோர்க்கு நாம் கூற விரும்புவது ஒன்றே. உங்கள் பிள்ளை பாடநூலையோ தொலைபேசியையோ விரித்து ஒரு படத்தைக் காட்டினால், அதனை உடனே விளக்கிவிட முயலாதீர்கள். "உனக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்டுவிட்டுச் சற்றே பொறுத்திருங்கள். மாணாக்கர்க்கும் ஒன்று கூறுவோம். ஆசிரியர் வரைந்தது பிழையென உங்கள் கண்ணுக்குப் பட்டால் எழுந்து சொல்லுங்கள், பணிவோடு சொல்லுங்கள், சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இதனை எழுதிக்கொண்டிருக்கும் இவ்வேளையிலும் கூரையின்மேல் மழை கொட்டுகின்றது. நாளைக் காலையும் எமது குரல் வகுப்பிலே கேளாது. கேளாது போகட்டும். பையிலே இரண்டு வெண்கட்டிகள் வைத்திருக்கின்றோம்; ஒன்று எமக்கு, மற்றது எழுந்து வருபவருக்கு.